மேலடுக்கு

டவுன்ஸ்வில்லில் பிப்ரவரி.
வெளியே சுவர்கூட வியர்க்கிறது.
ஆய்வுக்கூடத்தில் மட்டும் இருபத்திரண்டு பாகை,
புகைக்கூண்டின் ஓயாத மூச்சு.

பலூமா மலைச்சரிவில்
நிலத்துக்குரியவர்கள் கையெழுத்திட்ட அனுமதியோடு
வனக்காவலர் டெரன்ஸ் செதுக்கி அனுப்பிய பட்டை,
அறுநூற்றுப் பத்து கிராம்.
சுற்றி வளையமாக உரிக்கவில்லை.
ஒரு பக்கம் மட்டும், உள்ளங்கை அகலம்.
"மிச்சம் அதுக்கு வேணும்" என்றாராம்.
உறைமேல் எழுதியிருந்தது மில்கி பைன்.
தமிழில் ஏழிலைப்பாலை.
கூட வந்த கிளையில் எண்ணிப் பார்த்தேன்:
ஆறு, எட்டு, ஐந்து, மறுபடி ஆறு.
ஏழு வரவேயில்லை.

அரைத்த அன்று
முகமூடியின் ஓரத்தால் நுழைந்த தூசி
உதட்டில் உட்கார்ந்தது.
ருசி பார்க்கக் கூடாதென்பது விதி.
நான் பார்க்கவில்லை, அதுதான் என்னைப் பார்த்தது.
மாலை பேருந்தில் குடித்த தண்ணீரும் கசந்தது.

மெத்தனாலில் மூன்று நாள் ஊறல்.
வடித்து, வற்றவைத்து,
பாகுபோல் ஒட்டியதை நீர்த்த அமிலத்தில் கரைத்து,
அம்மோனியா, சொட்டுச் சொட்டாய்,
தாள் நீலமாகும் வரை.
பிறகு குளோரோஃபார்ம். பிரிபுனலைக் குலுக்கு,
காற்றைத் திறந்துவிடு, காத்திரு.
ஆல்கலாய்டு என்றால்
உப்பை உதறிவிட்டுக் கீழடுக்குக்கு வந்துவிடும்.
பாடம் அப்படித்தான்.
வந்ததை எடுத்துக்கொண்டோம்.
மேலே நின்ற தண்ணீரைப் புட்டியில் ஊற்றிக்
கழிவு என்று எழுதி
அலமாரிக்கடியில் தள்ளினோம்.

தகட்டில் புள்ளி வைத்து
டிராகன்டார்ஃப் தெளித்ததும்
பழுத்த பாக்கு நிறத்தில் ஒரு வட்டம்!
பிரான்வின் கை தட்டினாள்.
எந்தப் பட்டியலிலும் இல்லாத உயரத்தில் நின்றது.
குறிப்பேட்டில் "ப-3" என்று கூப்பிட்டோம்.
மூன்று வாரம்.
மலையின் பெயரையே வைத்துவிடலாமா,
வாயில் நன்றாக வருகிறதா என்று
அவள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

ஒரு வியாழன், பட்டையே இல்லாமல்
வெறும் கரைப்பானை வைத்துத் தகடு ஓட்டினேன்.
அதே உயரம்.
அதே பழுத்த பாக்கு.

சோப்பு.
சரியாய் அலசாத குடுவையின் உள்வளைவில்
மூன்று வாரம் எங்களோடு குடியிருந்திருக்கிறது.
பிரான்வின் சிரிக்க முயன்று
பாதியில் தேநீர் போடப் போய்விட்டாள்.
"ப-3"ஐ ஒரே கோட்டால் அடித்தேன்.
அடித்தது வாசிக்கத் தெரிய வேண்டும், அதுவும் விதி.

ஆனால் சோப்பு அப்படிக் கசக்காது.
அன்று பேருந்தில்
தொண்டை வரை கூட வந்தது
எங்கே போயிற்று?

குனிந்து அலமாரிக்கடியில் கை விட்டேன்.
கழிவு வண்டி திங்களன்றுதான் வரும்.

நாலு முறை அலசிய இரண்டு குழாய்கள்.
ஒன்றில் வெறும் தண்ணீர்,
ஒன்றில் புட்டித் தண்ணீர்.
இரண்டிலும் அமிலம், ஒரு சொட்டு மேயர்.
முதலாவது தெளிவு.
இரண்டாவது
மோர் விட்ட மாதிரி கலங்கி,
கொஞ்ச நேரம் யோசித்து,
அடியில் படிந்தது.

அதன் நைட்ரஜனில் கழற்ற முடியாத ஒரு மின்னேற்றம்.
எவ்வளவு காரம் ஊற்றினாலும்
தண்ணீரை விட்டு இறங்காத ஜாதி.
இறங்காததை
இல்லை என்று எழுதி வைத்திருந்தோம்.

தூய்மையாக்கியபின் பதினொரு மில்லிகிராம்.
நிறைமானி பார்த்துச் சொல்லிவிட்டது: பழையது,
நூறாண்டுக்கு மேலாய் நூல்களில் இருப்பது.
மலேரியாச் சோதனைக்கும் அனுப்பினோம்.
ஒட்டுண்ணிகள் நலமாக இருப்பதாகப் பதில் வந்தது.

குறிப்பேட்டில்
செய்தவர்: யோ. பவளராணி.
சாட்சி: பிரான்வின் கீட்டிங்.
சாட்சியின் கோப்பை வட்டம் பக்கத்தின் மூலையில்.

டெரன்ஸுக்கும் அறிக்கை போனது,
எட்டுப் பக்கம், இரண்டு வரைபடம்.
வெட்டின இடத்தில் பால் நின்று
விளிம்பு மூடிக்கொண்டு வருகிறது என்று எழுதியிருந்தார்.
கீழே ஒரு கேள்வி:
கசந்ததா?

அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை.
ஆமாம் என்று பதில் போட்டேன்,
மாலை வரைக்கும்.